ஹாரன் அடித்தால் போதும்

ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவன் நான். வராத ரயில்களுக்கு வருத்தம் தெரிவித்தே பணி ஓய்வு பெற்றவன். என் வாயிலிருந்து ஒரு "வருந்துகிறோம்" வந்தால் போதும், சண்டைக்கு வந்த பயணி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார். இதில் துளிகூட மிகை கிடையாது. வேண்டுமானால் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட தொண்டையை வீட்டில் சும்மா உட்கார வைத்தால் என்ன ஆகும்? முதல் மாதம் பால் பொங்குவது, குழாயில் தண்ணீர் நிற்பது, அடுத்த வீட்டுப் பூனை நம் மாடிக்கு வந்து சேர்வது எல்லாவற்றையும் கூடத்திலிருந்தே அறிவித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாதம் என் வீட்டுக்காரி மருமகளைக் கூப்பிட்டு, "இந்த மனுஷனுக்கு ஏதாவது வேலை கொடும்மா. இல்லைன்னா எனக்கு எங்கயாவது ஒரு டிக்கெட் எடுத்துக் கொடு" என்றாள்.

மருமகள் பிசியோதெரபிஸ்ட். விழுந்து எலும்பு முறிந்தவர்கள், பக்கவாதத்தில் ஒரு பக்கம் மரத்துப்போனவர்கள், தோள்பட்டை இறுகிப்போனவர்கள் எல்லோரையும் மறுபடி நடக்கவும் கை தூக்கவும் பழக்குகிற பயிற்சி நிலையம் ஒன்றை நடத்துகிறாள். வீட்டிலிருந்து வர முடியாதவர்களைக் கூட்டிவர ஒரு வேன் உண்டு. அறக்கட்டளை ஒன்று கொடுத்தது. அந்த வேனுக்கான ஷீட்டைத்தான் மருமகள் என் கையில் கொடுத்தாள்.

ஷீட் என்றால் சாதாரண ஷீட் என்று நினைத்துவிடாதீர்கள். நிலையத்தில் யார் புதிதாகச் சேர்ந்தாலும், யார் விலகினாலும் அங்கே இருக்கும் கணினியில் ஏறும். என் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்தக் கணினிக்கும் என் மேஜைக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாய் போட்டுக் கொடுத்தான். ஷீட்டில் "புதுப்பி" என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் அங்கே இருப்பது அப்படியே இங்கே வந்து கொட்டும். தினமும் காலையில் குளித்து, தலை சீவி, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டுதான் அதை அழுத்துவேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

குழாய் வழியாக ஓர் ஆளுக்கு மூன்று கட்டங்கள்தான் வரும்: நோயாளி எண், முகவரி, எத்தனையாவதாக ஏற்ற வேண்டும் என்ற வரிசை. பெயர் வராது. நோயாளியின் பெயர் நிலையத்தைத் தாண்டக் கூடாது என்பது மருமகளின் கண்டிப்பு. மூன்று கட்டத்துக்கும் வலப்பக்கம் வெள்ளை வெளேரென்று காலியிடம். காலியிடத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? வேன் ஓட ஆரம்பித்த முதல் வாரத்தில் ஓட்டுநர் ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் போனில் சொல்லச் சொல்ல, அந்தந்த எண்ணுக்கு நேரே நான் குறிப்பு எழுதிவிட்டேன். "காது மந்தம், கத்தணும்." "நாற்காலியோடு மேலே போய்த் தூக்கணும்." "ஹாரன் அடித்தால் போதும், தானே வருவார்." தூக்க வேண்டியவர்களுக்குச் சிவப்பு, ஹாரன்காரர்களுக்குப் பச்சை. பார்த்தால் சிக்னல் கம்பம் மாதிரி இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து நான் பூரித்த பூரிப்பில் சட்டை ஒரு சுற்று இறுக்கமாகிவிட்டது.

ஆனால் அந்தக் குறிப்புகளால்தான் வேனுக்கே ஆபத்து வந்தது.

ஒருநாள் மருமகள் சாப்பாட்டுத் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன்.

"அறக்கட்டளையிலேருந்து அந்த மேடம் வந்திருந்தாங்க மாமா. உங்க ஷீட்டைக் காட்டினேன். ஆரம்பத்துல அனுப்பின ஷீட்டையும் கையோட கொண்டு வந்திருந்தாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ‘அப்பவும் தூக்கணும், இப்பவும் தூக்கணும். ஒருத்தருக்குக்கூட ஒரு எழுத்து மாறலையே, அப்புறம் உங்க பயிற்சி என்னதான் பண்ணுது’ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"எல்லாரும் நல்லா தேறிட்டு வர்றாங்கன்னேன். ‘அப்படின்னா ஷீட்டுல ஏன் இல்லை’ங்கறாங்க. இன்னொரு ஊர்ல ஒரு நிலையம் வேன் கேட்டு ரொம்ப நாளா காத்திருக்காம். வியாழக்கிழமை நேர்ல வந்து பார்த்துட்டு, இங்க பிரயோஜனம் இல்லைன்னா எடுத்துட்டுப் போயிடுவாங்க." தட்டைத் தள்ளி வைத்தாள். "வேன் போச்சுன்னா பாதிப் பேர் வரமாட்டாங்க மாமா. ரெண்டு மாசம் வராம இருந்தா, இவ்வளவு நாள் பண்ணினது எல்லாம் தண்ணியா போயிடும். மறுபடி படுக்கைதான்."

குறிப்புகளை யாராவது மாற்றச் சொல்வார்கள் என்று நான் இருந்தேன். மாமா அவ்வப்போது மாற்றிக்கொண்டிருப்பார் என்று அவள் இருந்தாள். ஓட்டுநரோ ஷீட்டில் இருப்பதை மாற்ற நாம் யார் என்று இருந்தார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் அவ்வளவு மதித்திருக்கிறோம்.

வியாழக்கிழமை விடிந்தது. விடியும்போதே ஓட்டுநருக்கு நெருப்பாய்க் காய்ச்சல். கூடவே வந்து தூக்கிவிடுகிறவர் அவருடைய தம்பி. அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார். மருமகள் கையைப் பிசைந்தாள். "நான் ஓட்டறேன்" என்று எழுந்தார், எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் சம்பந்தி.

சம்பந்தி என்றால் மருமகளின் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க உலகத்தை உச்சியிலிருந்தே பார்த்தவர் என்பதால் தரையில் எது குறுக்கே வந்தாலும் அவருக்கு எறும்புதான். வேனைத் திருப்பும்போதுகூடக் கன்டெய்னரைத் தூக்கி இறக்குகிற மாதிரிதான் திருப்புவார்.

"நீங்க ஓட்டுங்க சம்பந்தி, நான் தூக்கறேன்" என்றேன்.

"நீங்களா? ஒரு வாளித் தண்ணியைத் தூக்கினாலே ‘வருந்துகிறோம்’ம்பீங்களே."

"வாய் தூக்கினா பாதி பாரம் குறையும்."

கிளம்புமுன் "புதுப்பி"யை அழுத்தினேன். வரிசை ஒன்று கூடியிருந்தது. புதிதாக யாரோ சேர்ந்திருக்கிறார்கள், நிலையம் வளர்கிறது, மேடம் பார்த்து அசந்துபோகட்டும் என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. அச்சடித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த ஆட்களை அத்தனை மாதமாக எனக்குத் தெரியும், ஆனால் வரிசையாகத்தான் தெரியும். ஒருத்தர் முகம்கூடப் பார்த்ததில்லை.

"சம்பந்தி, இதுல என்ன போட்டிருக்கோ அதுதான் சட்டம். நம்ம சொந்த மூளையை இன்னிக்கு வெளிய எடுக்கவே கூடாது" என்றேன்.

"உங்களுக்கு அதுல என்ன கஷ்டம்?" என்று வேனைக் கிளப்பினார்.

முதல் வீடு, கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். கழுத்துப் பட்டையோடு வாசலிலேயே நின்றிருந்தார். தாளைப் பார்த்தேன். "காது மந்தம், கத்தணும்." விடுவேனா? நடைமேடை முழுக்கக் கேட்கிற குரலை எடுத்து, "ஐயா! வணக்கம்! பயிற்சி நிலைய வேன்! உங்கள் வாசலுக்கு! வந்து சேர்ந்துள்ளது!" என்றேன். எதிர் வரிசையில் ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. ஒரு வீட்டில் குழந்தை வீறிட்டது. தெரு முனையில் ஒரு மனிதர் அவசர அவசரமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்று சம்பந்தி இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

கடிகாரக்காரர் காதைத் தேய்த்துக்கொண்டே, "எனக்கு நல்லாத்தாங்க கேட்டுக்கிட்டு இருந்தது" என்றார். "இப்பதான் போச்சு."

"பாவம், ஒத்துக்க மாட்டேங்கறார்" என்று சம்பந்தியிடம் கண்ணடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

இரண்டாம் வீடு, ரொட்டிக் கடைக்காரர். இடது கால் இழுத்து இழுத்து நடப்பவர். அவருக்கு நேரே "மெல்லப் பேசவும், சத்தம் ஆகாது" என்றிருந்தது. காதோரம் போய், தூங்குகிற குழந்தையை எழுப்புகிற மாதிரி, "ஏறுங்க" என்றேன். "ஆங்?" என்றார். இன்னும் குறைத்தேன். "ஆங்?" இன்னும் குறைத்தேன். கடைசியில் என் உதடு மட்டும்தான் அசைந்தது. மனிதர் முகம் கனிந்துவிட்டது. "தொண்டை கட்டிக்கிச்சா? சிரமப்படாதீங்க, இந்தாங்க" என்று பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து என் வாயில் போட்டார். பின்னாலிருந்து கடிகாரக்காரர், "இந்தாளுக்கா தொண்டை கட்டிக்கிச்சு?" என்றார்.

மூன்றாம் வீடு இரண்டாவது மாடி. அங்கேதான் சிவப்பு: "நாற்காலியோடு மேலே போய்த் தூக்கணும்." வேனில் இருந்த கைப்பிடி வைத்த நாற்காலியை நானும் சம்பந்தியும் சுமந்துகொண்டு மேலே போய்ச் சேர்ந்தபோது எங்கள் இருவரையும் தூக்கத்தான் இரண்டு நாற்காலி வேண்டியிருந்தது. கதவைத் திறந்தவர் பனைமரம் மாதிரி நெடுநெடுவென்று இருந்த ஒரு அம்மா. நீச்சல் சொல்லித்தருகிறவர். வலது கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது; ஒற்றைக் கையால் பஸ்ஸில் ஏற முடியாது என்றுதான் வேன்.

"உக்காருங்கம்மா" என்றேன்.

"எதுல?"

"இதுல. தூக்கணும்னு போட்டிருக்கு."

"யாரை?"

"உங்களைத்தான்."

அந்த அம்மா எங்களை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். "ஐயா, நான் இப்பதான் ஏரியைச் சுத்தி ஓடிட்டு வந்தேன்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க" என்றார் சம்பந்தி பெருந்தன்மையாக. "இதுல கூச்சப்பட என்னம்மா இருக்கு? நாங்க எல்லாம் பெரியவங்க."

அவர் உதட்டோரம் துடித்தது. "சரி, இவ்வளவு தூரம் ஆசையா வந்துட்டீங்க" என்று ராணி மாதிரி உட்கார்ந்தார். முன்னால் சம்பந்தி, பின்னால் நான். ஒவ்வொரு படியிலும் என் உயிர் காது வழியாக எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அந்த அம்மாவுக்கோ பழக்க தோஷம். "மூச்சை இழுங்க. ம், விடுங்க. முழங்காலை மடக்குங்க ஐயா, விறைக்காதீங்க. முன்னாடி இருக்கறவர் பரவாயில்லை. பின்னாடி இருக்கறவர் முழுகிட்டு இருக்கார், யாராவது கயிறு போடுங்க!" கீழே வந்து சேர்வதற்குள் அக்கம்பக்கத்தார் பாதிப் பேர் வாசலுக்கு வந்து கைதட்டினார்கள்.

நேரம் பறந்துகொண்டிருந்தது. நான்காம் வீட்டில் நல்லவேளை பச்சை. "ஹாரன் அடித்தால் போதும், தானே வருவார்." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சம்பந்தி ஹாரனை அமுக்கினார். கப்பல் கரையை விட்டுக் கிளம்புகிற மாதிரி ஒரு நீளமான சத்தம். யாரும் வரவில்லை. மறுபடி அமுக்கினார். மேலே மூன்றாவது மாடி ஜன்னலில் ஒரு பெண் தலை தெரிந்தது, மறைந்தது.

"ஏங்க, நில்லுங்க! அவங்க நாற்காலியோட மேல வருவாங்க!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"ஹாரன் அடிக்கறாங்களேடி! ஏதோ அவசரம் போல" என்று இன்னொரு குரல்.

அப்புறம் ஒன்றும் இல்லை. சம்பந்தி மறுபடி ஹாரன். படிக்கட்டுப் பக்கம் சுவரில் காற்றுக்கு விட்ட துளைகள் இருந்தன. அதில் ஒரு கை தெரிந்தது. கைப்பிடியைப் பற்றியது, நின்றது, கீழே நகர்ந்தது. அடுத்த துளையில் அதே கை. அடுத்ததில் மறுபடி. ஊர்வலம் மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் அவர் மனைவி, விழுந்தால் பிடிப்பதற்கு இரண்டு கையையும் விரித்தபடி, வாயைப் பொத்த மூன்றாவது கை இல்லாமல் தவித்துக்கொண்டு.

"கொஞ்சம் சுருக்க வரக்கூடாதா?" என்றார் சம்பந்தி.

"மன்னிச்சுக்கங்க" என்றார் அந்த மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டே. "ரொம்ப நாளாச்சு." வெல்டராம். ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் வலது காலை யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு வந்தார். நடுவே தானாகச் சிரித்துக்கொண்டார். ஆள் கொஞ்சம் ஒரு மாதிரி போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நிலையத்துக்குள் வேன் நுழைந்தபோது மேடம் வாசலிலேயே நின்றிருந்தார். மூக்குக் கண்ணாடி, கையில் என்னுடைய பழைய ஷீட், முகத்தில் கடிகாரம். பக்கத்தில் மருமகள். அவள் முகத்தில் இருந்ததை இங்கே சொல்லப்போவதில்லை. தாமதமாகிவிட்டது. அதைவிடக் கேவலம், பின்கதவைத் திறந்து நானும் சம்பந்தியும் நீச்சல் அம்மாவை நாற்காலியோடு, நாக்குத் தள்ள, இறக்கிக்கொண்டிருந்தோம்.

"பாருங்க" என்றார் மேடம் மருமகளிடம். "இவங்களையும் தூக்கித்தான் கொண்டு வர்றீங்க."

"ஐயோ அப்பா! மாமா!" மருமகள் தலையில் கை வைத்துவிட்டாள். "அவங்களுக்குத் தோள்பட்டைதான் சரியில்லை! கால்ல என்ன?"

"அதைத்தான் நானும் கேட்டேன்" என்று நீச்சல் அம்மா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "ஆனா சவாரி பிரமாதம்."

மேடம் பேனாவைத் திறந்தார். வேன் இன்னொரு ஊருக்குக் கிளம்பிப் போகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதுதான் மருமகள் வேனின் பக்கக் கதவைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வெல்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். முதலில் சரியில்லாத கால், அப்புறம் நல்ல கால், அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

"நீங்க... வீட்டுலேருந்து எப்படி இறங்கினீங்க?" அவள் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"ஹாரன் அடிச்சாங்க" என்றார் வெல்டர். "இறங்கினேன்."

"மூணு மாடியும்?"

"ஆமா. இங்க மரப்படியில ஏறி இறங்கறதுதானே."

மருமகள் என் சட்டைப்பையிலிருந்து தாளைப் பிடுங்கினாள். முதல் வரிசையைப் பார்த்ததுமே, "மாமா, கழுத்து வலிக்காரர் நேத்துச் சாயங்காலம்தான் சேர்ந்தார். இவர் வீட்டுக்கு நீங்க எப்ப குறிப்பு எழுதினீங்க?" என்றாள்.

 நான் எழுதவே இல்லை. புது ஆள் வரிசையின் தலையில் வந்து உட்கார்ந்ததும், குழாய் வழியாக வந்த எண்ணும் முகவரியும் எல்லாம் ஒரு படி கீழே இறங்கிவிட்டன. என் கைப்பட எழுதிய குறிப்புகள் குழாய்க்குச் சொந்தமில்லையே, அவை இருந்த இடத்திலேயே ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டன. ரயில் ஒரு பெட்டி தூரம் தள்ளிப் போய் நிற்க, நடைமேடையில் பெட்டி எண் போட்ட பலகைகள் மட்டும் பழைய இடத்திலேயே இருப்பதைப் போல. எத்தனை தடவை அதைப் பார்த்திருக்கிறேன்! எத்தனை குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு ஓடியிருக்கின்றன! ரொட்டிக் கடைக்காரரின் கத்தல் கடிகாரக்காரருக்கு, நீச்சல் அம்மாவின் மெல்லப்பேச்சு ரொட்டிக் கடைக்காரருக்கு, வெல்டரின் நாற்காலி நீச்சல் அம்மாவுக்கு. அடுத்த நடையில் வர வேண்டிய தபால்காரரின் ஹாரன் வெல்டருக்கு.

ஒன்றையும் மறைக்காமல் மேடத்திடம் ஒப்பித்தேன். குரல் கொஞ்சம் கூடத்தான் போய்விட்டது, உள்ளே பயிற்சியில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த நடைக்காரர்களில் பாதிப் பேரை, வேன் வருமோ வராதோ என்று வீட்டாரே அன்று ஆட்டோவில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

மேடம் தாளையும் வெல்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இந்தத் ‘தூக்கணும்’ உங்களுக்குத்தான் எழுதினதா?"

"ஆமாங்க."

"படி இறங்க முடியும்னா, ஏன் இத்தனை நாள் தூக்கவிட்டீங்க?"

வெல்டர் தலையைச் சொறிந்தார். "ஆரம்பத்துல வேணும்தாங்க. அப்புறம்... காலங்காத்தால ரெண்டு பேர் நாற்காலியோட மூணு மாடி ஏறி வந்து மூச்சிரைக்க நிக்கறாங்க. வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படுவாங்களேன்னு விட்டுட்டேன்."

"எனக்கும் அதேதான்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். இடுப்பு முறிந்து தேறிவரும் ஓர் அம்மா. "ஒரு கை பிடிச்சா போதும். தூக்க வந்த பிள்ளைங்க ஆசையா தூக்கறாங்களேன்னு..."

"எனக்கு வேணும்!" என்றார் மூலையில் இருந்த பெரியவர் அவசரமாக. "யாரும் என் பேரை எடுத்துடாதீங்க, எனக்கு நிஜமாவே தூக்கணும்!"

மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு ஒவ்வொருவரிடமும் தானே போய்க் கேட்டார். ரொட்டிக் கடைக்காரரிடம் கேட்கும்போது மட்டும் நான் மொழிபெயர்த்தேன், அதாவது அதையே கத்திச் சொன்னேன். "அட, குரல் சரியாயிடுச்சே!" என்று அவர் மகிழ்ந்துபோனார். சிவப்பில் இருந்தவர்களில் உண்மையிலேயே தூக்க வேண்டியவர்கள் மூன்றே பேர்.

மருமகள் மேடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேடம் பேனாவை மூடினார்.

"உங்க பயிற்சி நல்லா இருக்கு. ஷீட்டுதான் படுத்த படுக்கையா கிடக்கு" என்றார். "இருந்தாலும் அறக்கட்டளையில நான் ஒருத்தி இல்லை. ‘வேன்ல ஏறினவங்க ஏறினபடியே இருக்காங்க’ன்னுதான் அங்க பேச்சு. அடுத்த தடவை நான் வரும்போது, இனிமே வேன் வேணாம்னு ஒருத்தராவது இறங்கியிருக்கணும். ஒருத்தர் போதும். அதுவரைக்கும் வண்டி இங்க நிக்கட்டும்."

அன்று சாயங்காலம் மருமகள் என் மேஜை அருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "மாமா, குறிப்பை அந்த வரிசைக்குப் பக்கத்துல எழுதவே வேண்டாம். தனியா ஒரு பக்கம் வச்சுக்கலாம்" என்றாள். அப்படியே செய்தோம். இரண்டாம் பக்கத்தில் நோயாளி எண், அதற்கு நேரே போன் நம்பர், குறிப்பு, கேட்ட தேதி. முதல் பக்கத்தில் குழாய் எண்ணைக் கொட்டியதும், ஒரு பார்முலா அந்த எண்ணைத் தேடிக்கொண்டு இரண்டாம் பக்கம் ஓடி, உரிய குறிப்பைக் கையைப் பிடித்து அழைத்து வந்து நிறுத்தும். சோதித்துப் பார்க்க மருமகள் தன் போன் வழியாக நிலையக் கணினியில் தலைவரிசையில் பொய்யாக ஓர் எண்ணைச் சேர்த்தாள். நான் "புதுப்பி"யை அழுத்தினேன். எல்லோரும் ஒரு படி இறங்கினார்கள். குறிப்புகளும் தாய்க்கோழி பின்னால் குஞ்சுகள் மாதிரி கூடவே இறங்கின. நான் கைதட்டிய சத்தத்தில், "ஏங்க, என்ன உடைஞ்சுது?" என்று வீட்டுக்காரி ஓடிவந்தாள்.

"தேதி எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வாரத்துக்கு மேல பழசான குறிப்பு சாம்பல் நிறமாயிடும். அப்ப நீங்க போன் பண்ணிக் கேக்கணும். நம்மளா எதுவும் எழுதக்கூடாது. அவங்க சொல்றதைத்தான் எழுதணும்."

அதற்கப்புறம் எனக்கு நிற்க நேரமில்லை. "இன்னிக்கு என்ன உதவி வேணும்?" என்ற ஒரே கேள்வி. இடுப்பு அம்மா "ஒரு கை" என்றவர் அடுத்த தடவை "கை வேண்டாம், பையை மட்டும் வாங்கிக்கங்க" என்றார். "தூக்கணும்" பெரியவர் "தூக்கணும்" என்றே சொன்னார். ஆனால் ஒருநாள், "கடைசிப் படியை மட்டும் நானே இறங்கிப் பார்க்கறேன்" என்றார். வெல்டர் முதலில் "பின்னாடி ஒருத்தர் நடந்து வந்தா போதும்" என்றார். பிறகு "யாரும் மேல வர வேண்டாம்." அதன் பிறகு போனை எடுத்தாலே "பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வந்தேன்", "பஸ்ஸு ரெண்டு போகவிட்டேன், ஏறலை, பயமா இருந்துது" என்று உதவியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார். அவருக்காக என் வீட்டுக்காரியும் போன் பக்கத்திலேயே வேலை செய்ய ஆரம்பித்தாள். "ஏறினாராமா?" என்பாள். "ஏறலையாம்" என்பேன். இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்காது.

மேடம் மறுபடி வருவதாகச் சொன்ன வாரம் வந்தது. வேனை விட்டு யாரும் இறங்கியபாடில்லை.  மருமகள் தினமும் போகும்போது என் திரையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். அன்று காலை குளித்து, சட்டை போட்டு, "புதுப்பி"யை அழுத்தினேன். ஒரு வரிசையைக் காணோம்.

 பார்முலா சாப்பிட்டுவிட்டதா? குழாயில் ஓட்டையா? மறுபடி அழுத்தினேன். இல்லை. எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். வெல்டருடையதுதான் இல்லை. இரண்டாம் பக்கத்தில் அவர் குறிப்பு மட்டும் உரிய ஆள் வராத வரவேற்பாளர் மாதிரி தனியாக நின்றுகொண்டிருந்தது. ஓடிப்போய் நிலையத்துக்குப் போன் போட்டேன்.

"மருமகளே! ஷீட்டு போச்சு! ஒரு ஆளைத் தொலைச்சுட்டேன்!"

 மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். 

"தொலையலை மாமா" என்றாள். "நான்தான் எடுத்தேன். இப்பதான் எடுத்தேன். அவர் பஸ்ஸுல வந்து இறங்கினார் மாமா. எல்லாருக்கும் முந்தி, நான் கதவைத் திறக்கறதுக்கு முந்தியே வாசல்ல உக்காந்திருந்தார். ‘என் பேரை வேன்லேருந்து எடுத்துடுங்க’ன்னார். கூட அவர் சம்சாரம். அவங்கதான் என்னைக் கட்டிப் பிடிச்சுட்டு அழறாங்க, நான் ஒண்ணும் அழலை."

"மேடம்?"

"வந்துட்டாங்க. உங்க பழைய ஷீட்டையும் இன்னிக்கு வந்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு, அவர் கையைக் குலுக்கிட்டு, அவங்ககிட்ட இருந்த இன்னொரு வண்டிச் சாவியையும் இங்க வந்திருந்த அப்பா கையில கொடுத்துட்டாங்க. வேன் இங்கதான் மாமா. இனிமே எங்கயும் போகாது."

நான் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும்படி ஓர் அறிவிப்பு செய்தேன் என்று வீட்டுக்காரி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. மறுமுனையில் போனை யாரோ வாங்குகிற சத்தம்.

"சம்பந்தி" என்றார் அந்தக் கிரேன் குரல், "ஒரு சீட்டு காலியாயிடுச்சு, ஒரு அம்மா ரொம்ப நாளா காத்திருக்காங்களாம், இன்னிக்கே சேர்த்தாச்சு, புதுப்பிச்சு வைங்க. அப்புறம் அந்தச் சாம்பல் கட்டத்தையெல்லாம் பார்த்து ஒவ்வொருத்தருக்கா போன் போடுங்க. அடுத்து யாரைத் தொலைக்கலாம்?"